நூலகத்தில் டெண்டாவை எடுத்துவிடுவது எப்படி

நூலகப் புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பினால் கட்டும் தண்டம்தான் டெண்டா; மலேசியாவில் ஒரு புத்தகத்துக்கு நாளொன்றுக்கு 20 காசு என்று வைத்துக்கொள்வோம். கேட்க ஒன்றுமே இல்லாத தொகைதான். ஆனால் நான்கு புத்தகம் மூன்று வாரம் தாமதமானால் 16 வெள்ளி (ரிங்கிட்) 80 காசு. மூன்று பிள்ளைகளுக்கும் தனித்தனி அட்டை உள்ள வீட்டில் 50 வெள்ளி 40 காசு. பி.பி.ஆர். எனும் அரசாங்க மலிவு விலை அடுக்குமாடியில் இருக்கும் ஓர் அம்மா அந்தப் பணத்தைக் கட்டமாட்டார். நூலகத்துக்கும் வரமாட்டார். பிள்ளைகள் கேட்டால், "அந்தப் பக்கம் போகாதே, டெண்டா கேட்பார்கள்" என்பார். பன்னிரண்டு புத்தகங்கள் அலமாரி மேல் கிடக்கும். நூலகத்துக்குப் பணமும் வராது, புத்தகமும் வராது, மூன்று வாசகர்களும் போய்விடுவார்கள்.

டெண்டா மூன்றாம் நாள் ஒருவரை விரைவுபடுத்தக்கூடும். முப்பதாம் நாள் அதே டெண்டாதான் அவரை வாசலிலேயே நிறுத்துகிறது. டெண்டாவை நீக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்; இரக்கம் இரண்டாவது.

இந்த வழிகாட்டி முதலில் சிறிய நூலகங்களை நடத்துவோருக்கு: கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உள்ள தமிழ்ப்பள்ளி வள மையங்கள், கோயில் நூலகங்கள், சங்க நூலகங்கள், அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசிப்பு அறைகள். அங்கே விதியை மாற்றும் அதிகாரம் உங்கள் செயலவையிடமோ தலைமையாசிரியரிடமோ இருக்கிறது. பெரிய பொது நூலகத்தில் டெண்டா பாக்கி வைத்திருக்கும் வாசகர்களுக்குக் கடைசிப் பகுதி.

முதலில் எண்ணுங்கள்

செயலவையில் "டெண்டாவை எடுக்கலாம்" என்று வெறும் வாயால் சொன்னால் பொருளாளர் முதல் ஆளாக எதிர்ப்பார். நான்கு எண்களோடு போங்கள். கடந்த 12 மாதங்களில் வசூலான டெண்டா எவ்வளவு. வசூலாகாமல் நிற்பது எவ்வளவு. அந்தப் பாக்கியால் எத்தனை அட்டைகள் முடங்கிக் கிடக்கின்றன. 60 நாளுக்கு மேல் திரும்பாத புத்தகங்கள் எத்தனை. நோட்டுப் புத்தகத்தில் பதிவு செய்யும் நூலகமாக இருந்தால், திரும்பிய தேதிக்கான கட்டம் காலியாக இருக்கும் வரிகளை எண்ணினாலே நான்காவது எண் கிடைத்துவிடும். ஒரு சனிக்கிழமை மதியம் போதும்.

பிறகு வசூலிக்கும் செலவையும் பக்கத்தில் எழுதுங்கள். ஓர் ஆண்டில் 240 வெள்ளி வசூல், ஒவ்வொரு முறையும் சராசரி 1 வெள்ளி 20 காசு என்றால், 200 முறை பணம் வாங்கியிருக்கிறீர்கள். நாள் கணக்குப் போட்டு, வாசகரின் சமாதானத்தைக் கேட்டு, சில்லறை தேடி, ரசீது எழுத ஒரு முறைக்கு நான்கு நிமிடம் ஆகும். 800 நிமிடம், அதாவது 13 மணி நேரத்துக்கு மேல். தொண்டூழியர் ஒருவரின் 13 மணி நேரத்தில் எத்தனை புத்தகத்துக்கு அட்டை போடலாம் என்று கேளுங்கள். பெரும்பாலான சிறு நூலகங்களில் விவாதம் அங்கேயே பாதி முடிந்துவிடும்.

வெளிநாட்டுச் சான்று கேட்பவர்களும் இருப்பார்கள். அயர்லாந்து 2019 ஜனவரியில் நாடு முழுவதும் பொது நூலகங்களில் தாமதக் கட்டணத்தை எடுத்தது. சிகாகோ 2019 அக்டோபர் 1 முதல் எடுத்தது. காலங்கடந்த புத்தகங்கள் திரும்பி வருவது முதல் சில வாரங்களில் 240 விழுக்காடு கூடியதாக அந்நூலகம் அறிவித்தது. நியூயார்க்கில் 2021 அக்டோபரில் எடுத்தபோது, 15 டாலருக்கு மேல் பாக்கி இருந்ததால் முடக்கப்பட்டிருந்த அட்டைகள் ஏறத்தாழ 4 லட்சம். அவற்றில் பாதிக்கு மேல் வசதி குறைந்த வட்டாரங்களைச் சேர்ந்தவை. இத்தனை காலமும் டெண்டா யாரை வெளியே நிறுத்தியது என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பாடமும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஆய்வு அது, 2000இல் வெளிவந்தது. பிள்ளையைக் கூட்டிப்போக 10 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கெல் தண்டம் என்று ஆறு காப்பகங்களில் மட்டும் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரு மடங்கானது. "காசு கொடுத்தாயிற்று, தாமதமாக வரலாம்" என்று தண்டமே விலையாகிவிட்டது. நமக்கு முக்கியமானது அடுத்து நடந்தது: சில வாரம் கழித்துத் தண்டத்தை எடுத்தபோதும் தாமதம் பழைய நிலைக்கு இறங்கவில்லை. ஆகவே டெண்டாவை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றும் வைக்காமல் விட்டால், போன பழக்கம் தானாகத் திரும்பாது. கீழே உள்ள வேலையெல்லாம் அந்தக் காலி இடத்தை நிரப்பத்தான்.

மூன்று பணத்தைப் பிரித்து வையுங்கள்

நூலகம் வாங்கும் பணம் மூன்று வகை. நாள் கணக்கில் ஏறும் தாமதக் கட்டணம், தொலைந்த அல்லது சேதமான புத்தகத்தின் விலை, உறுப்பினராகும்போது வாங்கும் காப்புப் பணம். நாம் எடுப்பது முதலாவதை மட்டும். இதை முதல் கூட்டத்திலேயே சொல்லாவிட்டால், "இனி புத்தகத்தைத் தொலைத்தாலும் கேள்வி இல்லையாம்" என்ற பேச்சு ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பரவும். அறிவிப்பிலும் இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதுங்கள்: தாமதத்துக்குப் பணம் இல்லை, தொலைத்தால் விலை உண்டு.

டெண்டா இருந்த இடத்தில் எதை வைப்பது

இரவல் காலத்தை 14 நாளிலிருந்து 21 நாளாக்குங்கள். வேறு யாரும் கேட்டு வைக்காத புத்தகம் தானாகவே இரண்டு முறை நீடிக்கட்டும். தாமதம் என்று நாம் பதிவு செய்வதில் பெரும்பகுதி, யாருமே காத்திருக்காத புத்தகத்தின் மேல் நாமே போட்டுக்கொண்ட தேதிதான். வார இறுதியில் மட்டும் திறக்கும் நூலகமாக இருந்தால், திருப்ப வேண்டிய நாள் திறந்திருக்கும் நாளில் விழுகிறதா என்று பாருங்கள். புதன்கிழமை திருப்பச் சொல்லிவிட்டுச் சனிக்கிழமை வரை கதவைப் பூட்டி வைத்திருப்பது நூலகத்தின் தவறு. தீபாவளி வாரம், தைப்பூசம், நீண்ட பள்ளி விடுமுறை ஆகியவற்றில் விழும் தேதிகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுங்கள். தைப்பூசத்தன்று பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ போகும் குடும்பம் அன்று புத்தகத்தோடு உங்கள் வாசலில் நிற்காது.

அடுத்து நினைவூட்டல். இதுதான் முழுத் திட்டத்தின் முதுகெலும்பு, ஆனால் பலரும் சோம்பல்படுவதும் இங்கேதான். தேதிக்கு 3 நாள் முன்பு ஒன்று, தேதி கடந்த மறுநாள் ஒன்று, 7ஆம் நாள் ஒன்று. புலனத்தில் (வாட்ஸ்அப்) தனிச் செய்தியாகப் போக வேண்டும். தேதிக்கு முன்பு போகும் செய்திதான் அதிக வேலை செய்யும். ஒன்றே ஒன்றுதான் அனுப்ப முடியும் என்றால் அதை அனுப்புங்கள். இப்படி எழுதலாம்:

"வணக்கம் அம்மா. உங்கள் மகன் எடுத்துச் சென்ற 2 புத்தகங்கள் வரும் சனிக்கிழமை திரும்ப வேண்டியவை. இன்னும் படித்து முடிக்கவில்லை என்றால் 1 என்று பதில் போடுங்கள், மூன்று வாரம் நீட்டிக்கிறோம். தாமதக் கட்டணம் கிடையாது. காலை 10 முதல் 1 வரை திறந்திருப்போம்."

"கண்டிப்பாக", "தவறினால்" போன்ற சொற்கள் வேண்டாம். தமிழுக்குக் கீழே அதையே மலாயிலும் இரண்டு வரி போடுங்கள். மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்த பெற்றோர் பலர் தமிழ் பேசுவார்கள், வாசிக்கமாட்டார்கள். தாத்தா பாட்டியின் எண் கொடுக்கப்பட்டிருந்தால் 20 விநாடிக் குரல் பதிவு எழுத்தைவிட நன்றாகப் போய்ச் சேரும். இன்னொன்று: உறுப்பினர் படிவத்தில் இருக்கும் கைப்பேசி எண்கள் இரண்டு ஆண்டு பழையவை என்றால் இதில் எதுவுமே நடக்காது. டெண்டாவை எடுப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே, முகப்புக்கு வரும் ஒவ்வொருவரிடமும் எண்ணைச் சரிபார்த்து எழுதி வையுங்கள்.

தாமதித்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் பலகையில் ஒட்டுவதும் பெற்றோர் குழுவில் போடுவதும் டெண்டாவைவிட மோசம். காசு கட்டி முடித்துவிடலாம், மானம் போனால் ஆள் வரமாட்டார்.

தேதி கடந்த 14ஆம் நாள், தடை. புதுப் புத்தகம் இரவல் கிடையாது. உள்ளே உட்கார்ந்து படிக்கலாம், கணினியைப் பயன்படுத்தலாம், கதை நேரத்துக்கு வரலாம். பழையது திரும்பிய அதே நிமிடம் தடை போய்விட வேண்டும். அண்ணன் வைத்திருக்கும் புத்தகத்துக்காகத் தங்கையின் அட்டையைத் தொடாதீர்கள். பிள்ளைகளின் அட்டையில் ஒரே ஒரு படப்புத்தகம்தான் நிற்கிறது என்றால், நாங்கள் தடை போடவே வேண்டாம் என்போம். ஒரு புத்தகமாவது கொடுத்து அனுப்புங்கள். ஏழு வயதுப் பிள்ளை தானாகப் பேருந்து ஏறிப் புத்தகத்தைத் திருப்ப முடியாது.

சில இடங்களில் டெண்டாவை எடுத்துவிட்டு "ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு நாள் தடை" என்று வைக்கிறார்கள். அது டெண்டாதான், காசுக்குப் பதில் நாள். புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தவரை மேலும் இருபது நாள் வெளியே நிறுத்தினால், கொண்டுவராமலே இருந்திருக்கலாம் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

45ஆம் நாள், புத்தகம் தொலைந்ததாகக் குறிக்கப்பட்டு அதன் விலை கணக்கில் ஏறும். புத்தகம் வந்தால் விலை முழுதும் அழியும், எப்போது வந்தாலும். விலையைக் கட்டிய பிறகு ஆறு மாதத்துக்குள் புத்தகம் கிடைத்தால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

தமிழ்ப் புத்தகத்துக்கு விலை போடுவது

இங்கே மலாய், ஆங்கில நூலகங்களுக்கு இல்லாத சிக்கல் நமக்கு உண்டு. நம் அலமாரியில் பெரும்பகுதி சென்னையிலிருந்து வந்தது. பின்னட்டையில் ரூபாய் விலை இருக்கும். அதை வெறுமனே வெள்ளிக்கு மாற்றினால் கப்பல் கூலியும் கடைக்காரர் பங்கும் விட்டுப்போகும், அந்தப் பணத்துக்கு பிரிக்பீல்ட்ஸிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ அதே புத்தகம் கிடைக்காது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் கணக்குப் போட்டுச் சண்டை பிடிப்பதைவிட வகைக்கு ஒரு விலை வைப்பது நல்லது. பிள்ளைகளின் படக்கதை 10 வெள்ளி, நாவல், கட்டுரை நூல் 25 வெள்ளி, அகராதி போன்ற பெரிய நூல் 60 வெள்ளி என்பதுபோல, உங்கள் கடைசிக் கொள்முதல் ரசீதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பணத்துக்குப் பதிலாக அதே நூலின் எந்தப் பதிப்பைக் கொண்டுவந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பதிப்பு தீர்ந்த நூலாக இருந்தால், நீங்கள் வாங்க நினைத்திருக்கும் பட்டியலிலிருந்து ஒன்று. கட்ட முடியாதவர் மாதம் 5 வெள்ளியாகக் கட்டலாம். முதல் தவணை கட்டிய அன்றே தடையை எடுத்துவிடுங்கள்.

மலேசியத் தமிழ் நூல்களை மட்டும் தனியாகப் பாருங்கள். சில நூறு படிகளே அச்சாகி, எழுதியவரே விற்று முடித்த நூல்கள் அவை. எவ்வளவு டெண்டா போட்டாலும், எவ்வளவு விலை வாங்கினாலும், போனது போனதுதான். ஒரே படி இருந்தால் இரவல் கொடுக்காதீர்கள், உள்ளே படிக்க மட்டும் வையுங்கள். நூல் காணாமல் போவதைத் தடுக்க டெண்டா உதவும் என்பவர்களுக்கும் இதுவே பதில்: அரிய நூலைக் காப்பது அலமாரிப் பூட்டுதான்.

டெண்டா வேண்டும் என்போரின் வலுவான வாதம் ஒன்று உண்டு. ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்.பி.எம். தமிழ் இலக்கியப் பாடநூல், பயிற்சி நூல்களுக்குத் தேர்வு நெருங்கும்போது வரிசை நிற்கும்; ஒருவர் வைத்துக்கொண்டால் பத்துப் பேர் தவிப்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தத் தவிப்புக்கு 20 காசு மருந்தாகாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மூன்று வெள்ளி கட்டிவிட்டு இரண்டு வாரம் வைத்துக்கொள்வான். இந்த நூல்களுக்கு மட்டும் 7 நாள் இரவல், ஆளுக்கு ஒன்று, தானாக நீடிப்பு கிடையாது, 2ஆம் நாளே தடை. செய்தி போடாமல் தொலைபேசியில் அழைத்து, "அடுத்து ஒரு மாணவி காத்திருக்கிறாள்" என்று சொல்லுங்கள். ஒரு படி உள்ளே படிக்கவென்று எப்போதும் நிற்கட்டும்.

பழைய பாக்கியை என்ன செய்வது

முழுவதையும் ஒரே நாளில் தள்ளுபடி செய்யுங்கள். "இனிமேல் டெண்டா இல்லை, பழையதை மட்டும் கட்டிவிடுங்கள்" என்பது அரைகுறை வேலை; வராமல் நின்றுபோனவர்கள் எல்லாரும் அந்தப் பழைய பாக்கிக்காரர்கள்தாம். பாதித் தள்ளுபடி, "பத்து வெள்ளிக்கு மேல் இருந்தால்" போன்ற நிபந்தனைகளும் வேண்டாம், முகப்பில் இருப்பவர் மறுபடி கணக்குப் போட வேண்டிவரும். ஏற்கெனவே கட்டியவர்களுக்குப் பணம் திரும்பாது. அவர்கள் கேட்டால் நேராக அப்படியே சொல்லிவிடுங்கள்.

தீர்மானம் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும்: "நூலக விதியில் உள்ள தாமதக் கட்டணம் இந்தத் தேதி முதல் நீக்கப்படுகிறது. அதுவரை சேர்ந்த நிலுவைத் தாமதக் கட்டணம் இத்தனை வெள்ளி முழுவதும் தள்ளுபடி செய்யப்படுகிறது. தொலைந்த, சேதமான நூல்களின் விலை இதில் சேராது." தொகையை எழுதுவது முக்கியம், கணக்காய்வாளர் அதைத்தான் தேடுவார். டெண்டா நூலக விதியில் மட்டும் இருந்தால் செயலவைத் தீர்மானம் போதும். சங்கத்தின் சட்டவிதியிலேயே எழுதப்பட்டிருந்தால் பொதுக்கூட்டத்தில் திருத்தி, சங்கப் பதிவிலாகாவின் ஒப்புதலும் பெற வேண்டும். முதல் வேலையாகச் சட்டவிதியைப் புரட்டிப் பாருங்கள். பள்ளி வள மையத்தில் தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். டெண்டா பணம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கணக்கில் சேர்ந்து வந்திருந்தால் அவர்களிடமும் பேசுங்கள்.

கணினியில் மாற்றுவது

கோஹா என்ற நூலக மென்பொருளைப் பயன்படுத்தும் நூலகங்கள்: நிர்வாகப் பகுதியில் 'சர்குலேஷன் அண்ட் ஃபைன் ரூல்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். முதலில் தரவைப் பிரதியெடுத்து வையுங்கள். ஒவ்வொரு வரியிலும் கட்டணத் தொகையைச் சுழியமாக்குங்கள். 'எல்லாருக்கும்' என்ற பொது வரியை மட்டும் மாற்றிவிட்டு எழுந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. கோஹாவில் குறிப்பான விதி பொது விதியை மீறும். 'மாணவர், குறிப்பு நூல்' என்று எப்போதோ யாரோ போட்ட ஒரு வரி மறைந்திருந்து கட்டணம் ஏற்றிக்கொண்டே இருக்கும். கிளைகள் இருந்தால் கிளைவாரியாகவும் திறந்து பாருங்கள்.

விதியை மாற்றிய பிறகுதான் பழைய பாக்கியைத் தள்ளுபடி செய்ய வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்தால், இன்னும் திரும்பாத புத்தகங்களுக்கு இரவில் தானாக ஓடும் வேலை மறுபடி தொகை ஏற்றும். உறுப்பினரின் கணக்குப் பக்கத்தில் 'ரைட் ஆஃப்' பொத்தான் இருக்கிறது. அங்கே தாமதக் கட்டண வரிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள், எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தானை அழுத்தினால் தொலைந்த புத்தக விலையும் சேர்ந்து போய்விடும்.

அடுத்து மூன்று அமைப்புகள். இவ்வளவு தொகைக்கு மேல் பாக்கி இருந்தால் இரவல் கிடையாது என்ற வரம்பு கோஹாவில் தொடக்கத்தில் 5 என்றுதான் இருக்கும். அதை அப்படியே விட்டால், ஒரு படக்கதை தொலைந்தாலே அட்டை முடங்கும். 30 அல்லது 50 ஆக உயர்த்துங்கள். தாமத அறிவிப்புப் பகுதியில் மூன்று நிலைக் கடிதங்கள் வைக்கலாம்: 1, 7, 14ஆம் நாள் என்று போட்டு, தடைக்கான கட்டத்தை மூன்றாவதில் மட்டும் குறியிடுங்கள். 'ஆட்டோ ரிமூவ் ஓவர்டியூஸ் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்பதைக் கட்டாயம் இயக்குங்கள். இதை மறந்தால் புத்தகம் திரும்பிய பிறகும் தடை அப்படியே நிற்கும், "டெண்டா இல்லை என்று கூப்பிட்டு ஏமாற்றிவிட்டார்கள்" என்ற பெயர் வரும். தேதிக்கு முந்தைய நினைவூட்டலுக்கும் 45ஆம் நாள் தொலைந்ததாகக் குறிக்கவும் தனித்தனி இரவு வேலைகள் உள்ளன. வழங்கியை (சர்வர்) நிறுவியவரிடம் அவை ஓடுகின்றனவா என்று கேளுங்கள்.

ஸ்லிம்ஸ் என்ற இன்னொரு நூலக மென்பொருளைப் பயன்படுத்துவோர் உறுப்பினர் வகை ஒவ்வொன்றிலும் நாள் கட்டணத்தைச் சுழியமாக்கி, இரவல் விதிகள் பக்கத்தையும் சரிபார்க்க வேண்டும். அங்கே இருக்கும் எண்ணே மேலோங்கும். பழைய கடனை அழிக்காமல், அதே தொகையை வரவாகப் பதிந்து சமன் செய்தால் வரலாறு நிற்கும். நோட்டுப் புத்தக நூலகத்துக்கு இத்தனையும் ஒரு சிவப்புக் கோடு: கோட்டுக்குக் கீழே தேதி, தீர்மான எண், இருவர் கையெழுத்து.

தொடங்கும் நாள்

விடுமுறைக்கு முந்தைய வாரம் வேண்டாம். பள்ளி தொடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சரியாக இருக்கும். அறிவிப்பு மூன்று வரியைத் தாண்டக்கூடாது: தாமதக் கட்டணம் இனி இல்லை, பழைய கட்டணமும் இல்லை; தொலைத்தால் விலை உண்டு; வீட்டில் உள்ள நூலக நூல்களைக் கொண்டுவாருங்கள், எதுவும் கேட்கமாட்டோம். கோயில் அறிவிப்புப் பலகை, மின்தூக்கி வாசல், பெற்றோர் குழு, மூன்று இடமும் வேண்டும். வாசலுக்கு வெளியே ஒரு பெட்டியும் வையுங்கள். முகம் பார்க்கக் கூசுபவர்கள் அதில் போட்டுவிட்டுப் போவார்கள். மழைச்சாரல் படாத இடமாக இருக்கட்டும், அடியில் மெத்தென்று ஏதாவது போடுங்கள்.

முகப்பில் இருப்பவரின் வாய்தான் இந்தத் திட்டத்தைக் காப்பதும் கெடுப்பதும். "ஐயோ, ஒரு வருஷம் ஆச்சே!" என்று ஒரு வார்த்தை போதும், அவர் அடுத்த முறை வரமாட்டார். சொல்ல வேண்டியது: "கொண்டுவந்தீர்களே, நன்றி. இன்று என்ன எடுக்கிறீர்கள்?"

பெட்டியில் வரும் புத்தகங்களை நேராக அலமாரியில் வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் கட்டிலடியில் ஓராண்டு கிடந்த புத்தகம் பூஞ்சையோடும் வெள்ளிப்பூச்சியோடும் வரும். பக்கங்களை விரித்துப் பாருங்கள், மோந்து பாருங்கள். சந்தேகமானதை நெகிழிப் பையில் கட்டித் தனியே வைத்து, இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். பூஞ்சை பரவியது குப்பைக்கு. ஒரு புத்தகத்தைக் காப்பாற்றப்போய் ஒரு தட்டையே இழக்க வேண்டாம்.

நன்கொடை உண்டியல் வைக்க விரும்பினால் முகப்பு மேசையில் வைக்காதீர்கள். தாமதமாக வந்தவர் முன்னால் உண்டியல் இருந்தால் அது டெண்டாவாகவே தெரியும். கதவோரம் வையுங்கள்.

மூன்று மாதம் கழித்து அதே நான்கு எண்களை மறுபடி எடுங்கள். முதல் மாதங்களில் சராசரித் தாமதம் சில நாள் கூடினால் பதற வேண்டாம், பார்க்க வேண்டியது 60 நாள் கடந்தும் வராத புத்தகங்களின் எண்ணிக்கை. அது குறையவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் நினைவூட்டலில்: செய்தி போகவில்லை, எண் மாறிவிட்டது, அனுப்பும் தொண்டூழியர் விடுப்பில் போய்விட்டார். அனுப்புவதற்கு எப்போதும் இரண்டாவது ஆள் ஒருவர் பெயரையும் எழுதி வையுங்கள்.

பொது நூலகத்தில் உங்களுக்கே பாக்கி இருந்தால்

துன் ரசாக் சாலையின் தேசிய நூலகம், டத்தாரான் மெர்டேக்கா அருகே மாநகர் மன்றம் நடத்தும் கோலாலம்பூர் நூலகம், செபராங் ஜெயாவைத் தலைமையகமாகக் கொண்ட பினாங்குப் பொது நூலகக் கழகம் ஆகியவற்றில் கட்டண விதி மேலிடத்தில் முடிவாவது. முகப்பு ஊழியரிடம் வாதாடிப் பயனில்லை, அவர் கையில் அது இல்லை.

முதலில் புத்தகத்தைத் திருப்புங்கள். கையில் பணம் இல்லையே என்று காத்திருப்பதுதான் எல்லாரும் செய்யும் பிழை. நாள் கணக்குக் கட்டணம் புத்தகம் திரும்பும் நாளோடு நின்றுவிடும். முகப்பில் கொடுத்து, திரும்பியதற்கான சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் போடுவதானால் புத்தகத்தின் பட்டைக்குறி தெரியும்படி தேதியோடு படம் எடுத்து வையுங்கள், பெட்டியைத் திறப்பது மறுநாளாக இருக்கலாம். பிறகு மொத்தத் தொகையை நூல்வாரியாகக் கேளுங்கள். தாமதக் கட்டணம் எவ்வளவு, நூல் விலை எவ்வளவு என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

அதற்குப் பின் ஒரு ராயுவான் (மேல்முறையீட்டு) கடிதம், மலாயில், ஒரு பக்கத்துக்குள். தலைப்பு: 'பெர்மோஹோனான் பெங்கெச்சுவாலியான் டெண்டா லேவாட் பூலாங் பூக்கு' (நூலைத் தாமதமாகத் திருப்பியதற்கான டெண்டாவிலிருந்து விலக்குக் கோரும் விண்ணப்பம்). பெயர், மைகார்டு (அடையாள அட்டை) எண், உறுப்பினர் எண், நூல்களின் பெயர், திருப்ப வேண்டிய நாள், திருப்பிய நாள், தொகை, காரணம் என்ற வரிசையில் எழுதுங்கள். மருத்துவமனைச் சீட்டு, வெள்ளப் பாதிப்புக்கான போலீஸ் புகார் போன்றவை இருந்தால் நகல் இணையுங்கள். முழு விலக்குக் கேட்கும் வரிக்குக் கீழே, அது இயலாவிட்டால் குறைப்போ தவணையோ தரும்படி இன்னொரு வரி சேருங்கள். நூலகத் தலைவருக்கு முகவரியிட்டு நேரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த முத்திரைத் தேதியைச் சொல்லித் தொலைபேசியில் விசாரியுங்கள்.

சில நூலகங்கள் அவ்வப்போது டெண்டா விலக்கு நாள்களை அறிவிப்பதும் உண்டு. அந்நூலகத்தின் முகநூல் பக்கத்தைப் பின்தொடர்ந்தால் தெரியவரும். ஆனால் அதற்காகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். புத்தகம் முதலில் போகட்டும், பாக்கியைப் பிறகு பேசலாம். பிள்ளையின் அட்டையில்தான் தடை என்றால், ராயுவான் முடியும்வரை உள்ளே உட்கார்ந்து படிக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள்.